கல்யாணம் வந்தானா?

வணக்கம் மேடம்,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். காலேஜில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் பார்த்துவிட்டு மார்க் போடுவோம். 'இந்தியன் 2' வந்த அன்று காலைக் காட்சிக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். 1996-ல் முதல் பாகம் வந்தபோது எனக்கு ஆறு வயது. கூட்டத்தில் அப்பாதான் என்னைத் தோளில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனார்.

இரண்டாம் பாகம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பத்துக்கு மூன்று போட்டேன். குழுவில் ஒருவன் ஏழு போட்டான். பேச்சு வளர்ந்து வாய்த்தகராறாகி, நான் குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்னமும் அவனோடு பேசுவதில்லை. (அப்பாவுக்குப் படம் பிடித்திருந்தது. அவர் எல்லாப் படத்தையும் ரசிப்பவர், அதனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.)

என் கேள்விகள்: இரண்டாம் பாகங்கள் ஏன் தடுமாறுகின்றன? நல்ல இரண்டாம் பாகத்துக்கு ஏதாவது இலக்கணம் உண்டா? ஒரு படத்தின் ஆள் இன்னொரு படத்தில் வருகிற 'யுனிவர்ஸ்' பாணி பற்றி என்ன நினைக்கிறீர்கள்? யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டருக்குள் விடக்கூடாது என்பது சரியா?

ம., பெரம்பூர்

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள ம.,

போன வாரம் தம்பி மகளோடு ஒரு மாலில் படம் பார்த்தேன். முடிந்ததும் லிஃப்டில் இறங்கினோம். பன்னிரண்டு பேர் இருந்திருப்போம், எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லார் கையிலும் போன். பக்கத்தில் நின்ற பையனின் திரை என் கண்ணில் பட்டது. 'முதல் பாதி ஓகே. செகண்ட் ஹாஃப் லேக். ஐந்துக்கு இரண்டரை.' தரைத்தளம் வருவதற்குள் அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து அது நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. நாலாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

யூடியூப்காரர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கோடு யாரையும் விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. பிறகு முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை யாரும் மூட முடியாது, மூடவும் கூடாது. இதில் பேச அவ்வளவுதான் இருக்கிறது. எந்தப் படத்து ஆள் எந்தப் படத்தில் எட்டிப்பார்க்கிறான் என்ற கணக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் பாகம் ஏன் தடுமாறுகிறது? பாதிப் பதில் வியாபாரத்தில் இருக்கிறது. தெரிந்த பெயருக்கு ஓப்பனிங் உண்டு, விற்பது சுலபம். கதை கிடைப்பதற்கு முன்னாலேயே தலைப்புக்குப் பக்கத்தில் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரில் பாதி வந்தது, 2023 ஏப்ரலில் மீதி வந்தது. அதைத் தொடர்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஏழு மாத இடைவேளை என்பேன். 'அரண்மனை' 2014-லிருந்து 2024-க்குள் நாலு வந்தாயிற்று. கதை வேறு, பேய் வேறு, பெயர் மட்டும் ஒன்று. நீங்கள் கேட்பது வேறு வகை. கதை முடிந்து, விளக்கு போட்டு, நாம் வீட்டுக்கு வந்து பிள்ளை குட்டி பெற்ற பிறகு, அந்த ஆள் மறுபடி வந்து கதவைத் தட்டுவது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு வரி என்னை நகர விடவில்லை.

அப்பாவை எதற்கு அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

செகண்ட் ஹாஃபைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அதை நான்தான் வெட்டினேன். அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் அந்த வாரம் எல்லோருமே சொல்லிவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்கி உள்ளே போன மனிதர், 28 வருஷம் கழித்து, அதே பிள்ளை டிக்கெட் எடுத்துத் தர, அதே கிழவனைத் திரையில் பார்க்கிறார். பிடித்திருந்தது என்கிறார். என்ன பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ரசிப்பவர் சொல்வது கணக்கில் வராது என்றால், யார் சொல்வது வரும்? எதையும் ரசிக்காதவர் சொல்வதா? எனக்குக் கோபம் வந்தது, தம்பி. அந்த வரியை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த வீட்டில் ஆறு குடித்தனம். ஒரே முற்றம், ஒரே குழாய். அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தார். அத்தனை குடித்தனத்திலும் யாரையும் கேட்காமல் படத்துக்குக் கிளம்புகிற துணிச்சல் அத்தை ஒருத்திக்குத்தான் உண்டு. ஸ்டார், பாரகன் இரண்டும் நடந்து போகிற தூரம். மேட்னி பார்த்துவிட்டு வந்து, காபியைக் குடித்து, முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்காருவார். குடித்தனக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். பிள்ளைகள் நாங்கள் முன்னாலேயே இடம் பிடித்திருப்போம். அங்கே படம் இரண்டாம் முறையாக ஓடும்.

1979-ல் 'கல்யாணராமன்' பார்த்துவிட்டு வந்தார். கமல்ஹாசனுக்கு இரட்டை வேடம். கல்யாணம் வெகுளி, எடுப்பான பல். அவனைக் கொன்றுவிடுகிறார்கள், ஆவியாக வருகிறான். ராமன் அவன் கூடப்பிறந்தவன். அத்தை மேல்பல்லைக் கீழுதட்டின் மேல் ஏற்றிக்கொண்டு கல்யாணமாகவே பேசினார். பேச்சு எவ்வளவு ஓடினாலும் கீரை உருவுகிற கை நிற்காது. கல்யாணம் செத்த இடத்தில் மட்டும் நின்றது. கையில் இருந்த காம்பை முறத்தின் ஓரத்தில், சத்தம் வராமல் வைத்தார். எதிர் போர்ஷன் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்தப் படத்தைச் சொல்லி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது. முதல் நாள் இருட்டிவிட்டதால் பாதியில் எழுந்தோம். இரவு முழுக்க நான் தூங்கவில்லை.

1985-ல் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. தமிழில் வந்த பழைய தொடர்ச்சிகளில் ஒன்று. நான் அப்போது கல்லூரியில். அத்தை படம் பார்த்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எதிர் போர்ஷன் அக்கா கேட்டாள்.

"கல்யாணம் வந்தானா?"

"வந்தான்."

"எப்படி இருக்கான்?"

"அப்படியேதாண்டி இருக்கான், பாவம்."

ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவனை, அவள் நலம் விசாரித்தாள். படம் எப்படி என்று கேட்கவில்லை. முதல் பாகத்தைவிடப் பரவாயில்லையா என்று கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்தவர்களிடம் சொந்தக்காரனைப் பற்றிக் கேட்பதுபோல, அவன் வந்தானா, எப்படி இருக்கான், அவ்வளவுதான் கேட்டாள்.

அன்று கதை அரைக்கட்டுக் கீரையில் முடிந்துவிட்டது. மீதிக் கீரையை அத்தை பேசாமல் உருவினார். படம் நன்றாக இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நான் படித்த எந்த விமர்சனத்தைவிடவும் அதை நம்புவேன். ஏனென்றால் அத்தை சொன்னதில் படம் இருந்தது. எந்த இடத்தில் அவர் நடித்துக்காட்டினார், எதை 'அப்புறம் ஒரு சண்டை' என்று ஒரே வரியில் தாண்டினார், எங்கே கை நின்றது என்பதை வைத்து நாங்களே படத்தை எடைபோட்டுக்கொள்ள முடிந்தது. அவர் சொல்லி அழாத இடத்தில் அக்கா அழுததும் உண்டு. 'எனக்கு அந்த இடம் அப்படித் தோணலையே' என்று அத்தை ஒப்புக்கொண்டு, மறுபடி அந்தக் காட்சியைச் சொல்லிப் பார்ப்பார். அதில் யாரும் யாரோடும் பேசாமல் போனதில்லை.

நீங்கள் போட்ட மூன்றில் படம் எங்கே இருக்கிறது? அவன் போட்ட ஏழில் எங்கே இருக்கிறது? இரண்டு எண்கள் மோதிக்கொண்டன. அந்தப் படத்தின் ஒரே ஒரு காட்சியைப் பற்றிக்கூட நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இதற்காகவா இத்தனை வருஷ சிநேகிதம்?

'முதல் பாதி, இரண்டாம் பாதி' என்று பிரித்துப் பேசுவதும் எனக்கு ஆகாது. அண்ணா சாலையில் சஃபையர் வளாகம் இருந்தது. சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்தில் மூன்று அரங்கம். ப்ளூ டைமண்டில் படம் விடாமல் திரும்பத் திரும்ப ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கல்லூரி நாளில் வெயிலுக்கு ஒதுங்கிப் போய், பல படங்களுக்கு முடிவை முதலில் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். சாகப்போகிறவன் என்று தெரிந்தே ஒருவன் முதல் காட்சியில் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பாதி லேக் என்று யோசிக்கவே தோன்றியதில்லை.

இலக்கணம் கேட்டீர்கள். எதிர் போர்ஷன் அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்கிற படம் எனக்கு நல்ல இரண்டாம் பாகம். மலையாள 'த்ரிஷ்யம்' 2013-ல் வந்தது. தமிழில் 'பாபநாசம்' வழியாக நாம் சுயம்புலிங்கமாக அறிந்த அதே ஆள்தான், மூத்த பெண் கையால் நடந்த கொலையை மறைத்துப் போலீஸிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றியவன். 2021-ல் மலையாளத்தில் இரண்டாம் பாகம் வந்தபோது பலரும் கடைசித் திருப்பத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த வீடு போதும். கேபிள் டிவி நடத்தியவன் இப்போது தியேட்டர் வைத்திருக்கிறான், குடிக்கப் பழகியிருக்கிறான். மூத்த பெண்ணுக்கு வலிப்பு வருகிறது, போலீஸைக் கண்டால் வெலவெலத்துப்போகிறாள். முதல் படத்தின் கடைசியில் நாம் கைதட்டிவிட்டு வந்தோமே, அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அந்தப் பெண் எத்தனை இரவு தூங்காமல் இருந்தாள் என்று இரண்டாவது படம்தான் சொன்னது.

இன்னும் பின்னால் போனால் சத்யஜித் ராய். 1955-ல் 'பதேர் பாஞ்சாலி', அடுத்த வருஷமே 'அபராஜிதோ'. இரண்டாவது படம் கல்கத்தாவில் ஓடவில்லை. அடுத்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. அதில் ஒரு இடத்தைச் சொல்கிறேன். இரண்டு படத்திலும் வருகிற பையன் அப்பு, இதில் கல்கத்தாவில் படிக்கிறான். விடுமுறை முடிந்து கிளம்ப வேண்டும். அம்மாவுக்கு அவனை அனுப்ப மனமில்லை. விடியற்காலையில் எழுப்பச் சொன்னவனை அவள் எழுப்பவில்லை. அவன் எரிந்து விழுந்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். ரயில் வருகிறது. நிற்கிறான், பார்க்கிறான், ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, ரயிலை விட்டுவிட்டேன் என்கிறான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். முதல் படத்தில் ரயிலைப் பார்க்க அக்காவோடு நாணல் காட்டில் ஓடிய அதே பையன், இதில் அம்மாவுக்காக அந்த ரயிலையே போகவிடுகிறான். பிள்ளை தாயைவிட்டு விலகிப்போகிற கதையை அன்றைய கல்கத்தாவால் தாங்க முடியவில்லை என்று சொல்வார்கள். தாங்க முடியாததைத்தான் அந்த இரண்டாம் பாகம் காட்டியது.

உங்கள் ஏமாற்றம் பொய் என்று நான் சொல்லவில்லை. 'இந்தியன் 2' எனக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் மூன்றாம் பாகத்தின் காட்சிகளைப் போட்டார்கள் அல்லவா, அப்போது எனக்கு மனசு விட்டுப்போனது. இத்தனை வருஷம் கழித்து வந்தவனை உட்காரவைத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குள், அடுத்த முறை பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டான். நான் என்ன பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பார்த்தது வேறாக இருக்கலாம். உங்கள் அப்பா பார்த்தது நிச்சயமாக வேறு.

நண்பனிடம் சமாதானப் பேச்சு எதுவும் வேண்டாம். உனக்கு எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி அனுப்புங்கள். அவன் எழுதுவான்.

அதற்கு முன்னால் அப்பா. மார்க் கேட்காதீர்கள், படம் எப்படி என்றும் கேட்காதீர்கள். 1996-ல் எந்த தியேட்டர், எத்தனை மணிக் காட்சி, உங்களை எங்கே இறக்கி உட்காரவைத்தார், எந்த இடத்தில் நீங்கள் தூங்கிப்போனீர்கள் என்று ஆரம்பியுங்கள். சும்மா உட்காரவைத்துக் கேட்டால் அந்த வயதுக்காரர்கள் பேச மாட்டார்கள், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கக் கொடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். சின்ன வெங்காயமாகவே வாங்குங்கள். உரித்து முடிக்க நேரமாகும்.