புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லை, டயாலிசிஸ் தள்ளிப்போகிறது: பதில்

கரண்ட் இல்லை, அம்மாவின் டயாலிசிஸுக்கு நாளை மறுநாள் வாருங்கள் என்று சென்டரில் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அதுவரை காத்திருக்காதீர்கள். அம்மாவுக்கு இன்றே வேறு சென்டரில் இடம் கேளுங்கள், முதலில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில். கடைசி டயாலிசிஸ் ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

ஜெனரேட்டர் இருந்தும் உங்கள் சென்டர் ஓடவில்லை என்றால், தண்ணீர்தான் காரணமாக இருக்கும். நான்கு மணி நேர டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் (இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர்) தேவை. போகிற இடத்தில் "ஆர்.ஓ. ஓடுதா?" என்று போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

அதுவரை தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள். ஊறுகாய், அப்பளம் வேண்டாம். மரம் சாய்ந்து கிடக்கும் ஊரில் யாராவது பாசத்தோடு இளநீர் வெட்டித் தருவார்கள்; ஒரு வாய்கூடக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம்; ரத்தத்தில் அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம். வாழைப்பழமும் அப்படித்தான்.

படுத்தால் மூச்சு முட்டினாலோ, கைகால் தளர்ந்தாலோ, படபடப்பு வந்தாலோ பத்தியத்தை நம்பி இருக்காதீர்கள். உடனே 108.