மஞ்சள் கறுப்பு பட்டை போட்ட பூச்சி, தேனீயா ஈயா? போட்டோ பாத்து எப்படி கண்டுபிடிக்கறது?

நீங்க அனுப்பின போட்டோல செவ்வந்திப் பூவுல இருக்கறது தேனீ இல்லங்க, ஹோவர்ஃப்ளைன்னு சொல்ற ஈ வகை. கலரை வச்சு முடிவு பண்ணாதீங்க, தேனீ குளவி மாதிரி வேஷம் போட்டு பறவைகிட்ட இருந்து தப்பிக்கறதே இதோட பொழப்பு, கொட்டவும் கொட்டாது.

முதல்ல றெக்கைய எண்ணுங்க. தேனீக்கு நாலு, ஆனா முன்றெக்கையும் பின்றெக்கையும் கொக்கி போட்டு சேந்திருக்கும், அதனால போட்டோல ரெண்டு மாதிரியே தெரிஞ்சு ஏமாத்திடும். ஈக்கு ரெண்டுதான், பின்றெக்கை இருக்க வேண்டிய இடத்துல குண்டூசி மாதிரி குட்டியா ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், பறக்கும்போது பேலன்ஸ் பண்றது அதுதான். உங்க ரெண்டாவது போட்டோவ ஜூம் பண்ணுங்க, றெக்கைக்கு அடியில வெளிர் மஞ்சள்ல அது தெரியுது பாருங்க, எவ்வளவு அழகு! அப்புறம் மீசை, அதாவது தலையில நீட்டிட்டு இருக்கற உணர்கொம்பு. தேனீக்கு நீளமா முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், இதுக்கு கட்டையா இருக்கு. கண்ணு ரெண்டும் உச்சந்தலையில ஒட்டிக்கிட்டு இருக்கறதால இது ஆண்.

அடுத்த தடவை மேல, பக்கவாட்டு, முகம்னு மூணு போட்டோ எடுங்க, றெக்கை நரம்பு தெளிவா விழணும், தேதியும் ஊரும் குறிச்சு வைங்க. ஆனா எல்லா ஈயையும் போட்டோல சொல்லிட முடியாது, சதை ஈ வகையில பலத மைக்ரோஸ்கோப்ல ஆணோட இனப்பெருக்க உறுப்ப பாத்துதான் இனம் பிரிக்கணும், அங்க சதை ஈங்கற குடும்பப் பேரோட நிறுத்திக்கறதுதான் நேர்மை.

தயவுசெஞ்சு இந்த ஹோவர்ஃப்ளைய மருந்தடிச்சு கொன்னுடாதீங்க, இந்த வகையில நிறைய இனத்தோட புழு, செடியோட சாறை உறிஞ்சற அசுவினிப் பூச்சியத்தான் தின்னு வளருது.