ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குக் கையடக்க ஸ்கேன் பயிற்சி எதற்கு?

காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவதுதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இப்போது அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது; கைபேசித் திரையிலேயே பார்க்கலாம். சில நாடுகளில் ஆம்புலன்ஸ் பணியாளர்களும் இதைப் பழகுகிறார்கள்.

எதற்கு? கூடலூர்ப் பக்கம் ஒரு விபத்து என்று வையுங்கள். ஊட்டிக்குச் சுமார் 50 கி.மீ. மலைப்பாதை, கோவை அதைவிடத் தூரம். வெளியே கீறல்கூட இல்லாதவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். அது வழியிலேயே தெரிந்தால், அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு நேரே போகலாம். அங்கே ரத்தமும் தயாராக இருக்கும். மலையில் வாழ்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கூவினால் எதிர்ப்பாறை குரலைத் திருப்பித் தரும், வெட்டவெளி தராது. உடலிலும் அப்படித்தான். உறுப்புகள் எதிரொலிக்கும், புதிதாகத் தேங்கிய ரத்தம் எதிரொலிக்காமல் திரையில் கறுப்பாகத் தெரியும். இதயத்தைச் சுற்றி, கல்லீரல் ஓரம், மண்ணீரல் ஓரம், அடிவயிறு என நான்கு இடங்களில் அந்தக் கறுப்பைத் தேடுவதே அடிப்படைப் பயிற்சி. நலமாக இருப்பவர்களிடம் பலமுறை பார்த்தால்தான் கண் பழகும். அதைவிடக் கடினமான பாடம், ஸ்கேனுக்காக வண்டியை நிறுத்தி வைக்காமல் இருப்பது.

நம் நாட்டில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கேன் கருவிகளையும் கட்டுப்படுத்துகிறது என்பதால், இங்கே இது அவ்வளவு எளிதல்ல.

அப்புறம், ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கசிவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சமாகக் கசியும் ரத்தம் தொடக்கத்தில் தெரியாமல் போகலாம், அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.