ஓரமாக நிற்கும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நான்கு வயது. மழலையர் பள்ளியில் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு நண்பன்கூட இல்லை. மற்ற பிள்ளைகள் விளையாடுவதைச் சுவரோரம் நின்று சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்கிறார் ஆசிரியை. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவான். பூங்காவில் நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் பிள்ளைகள் நடுவில் விடுகிறேன், அடுத்த நிமிடம் திரும்பி வந்து என் காலைக் கட்டிக்கொள்கிறான். ஒற்றைப் பிள்ளை என்பதால்தான் இப்படியா? பள்ளியை மாற்றலாமா? ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

ஒற்றைப் பிள்ளை என்பதை விடுங்கள். அண்ணன், அக்கா என்று வீடு நிறைய ஆள் இருந்தும் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளியையும் இப்போது மாற்ற வேண்டாம், ஆறு மாதத்தில் பழகிய முகங்களும் போய்விடும். வகுப்பு தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் ‘சும்மா பார்த்துக்கொண்டே’ என்ற இடத்தைத் தாண்டி என்னால் வெகுநேரம் போக முடியவில்லை. சும்மா என்று யார் சொன்னது?

1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மழலையர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் விதங்களைக் கவனித்து வகைப்படுத்தினார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது என்று போகும் அந்த வரிசையில், பிறர் ஆடுவதைப் பார்த்து நிற்பதற்கும் தனி இடம் கொடுத்தார். பின்னால் வந்த ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. நடக்கிற விளையாட்டில் எளிதாகச் சேர்ந்துவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் எடுத்ததும் உள்ளே பாய்வதில்லை. கொஞ்ச நேரம் ஓரமாக நின்று, என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு நுழைகிறார்கள்.

இதை நான் என் மகளிடம்தான் கற்றேன். அவளுக்கும் அப்போது நான்கு வயது. தினமும் மணல்தொட்டியின் விளிம்பில் வாளியோடு நிற்பாள். உள்ளே நாலைந்து பிள்ளைகள் சுரங்கம் தோண்டுவார்கள், சரிந்துவிடும், திரும்பத் தோண்டுவார்கள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “போ, என்னையும் சேத்துக்கோங்கன்னு கேளு” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அந்தச் சின்ன முதுகு என் உள்ளங்கையில் பலகை மாதிரி விறைத்தது. போய்க் கேட்டாள். ஒரு பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “வேணாம்” என்றான். அதன்பிறகு ஒரு வாரம் மணல் பக்கமே அவள் வரவில்லை. அந்த ஒரு வாரத்துக்குக் காரணம் நான்.

அப்புறம் ஒருநாள், நான் வேறு எங்கோ பார்த்திருந்த நேரத்தில், குழாயடியில் வாளியை நிரப்பித் தளும்பத் தளும்பத் தூக்கிப் போய் சுரங்கத்தின் ஓரத்தில் மெதுவாக ஊற்றினாள். மணல் இறுகி நின்றது. அதே பையன் சொன்னான்: “இன்னும் கொண்டா.” அவ்வளவுதான், அன்று முழுக்கத் தண்ணீர் சுமந்தாள். சுரங்கம் ஏன் சரிகிறது என்று தோண்டிய ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை நாள் நின்று பார்த்தவளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. கையைப் பிடித்துக் கொண்டுபோய் நடுவில் விடுகிறீர்களே, முன்பின் தெரியாத பெரியவர்கள் கூட்டத்தில் உங்களை அப்படி யாராவது விட்டால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். அவன் காதுபட “இவன் யாரோடும் சேர மாட்டான்” என்று ஆசிரியையிடமோ உறவினரிடமோ சொல்லாதீர்கள். நான்கு வயதில் அம்மா சொல்வதுதான் அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரிகிற சேதி. தினமும் வாசலிலேயே “இன்னைக்கு யார்கூட விளையாடின?” என்று விசாரிக்கவும் வேண்டாம்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பூங்காவுக்குக் கூட்டம் சேரும் முன்பே போங்கள், வருகிற பிள்ளைகள் அவனிடம் வரட்டும். ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள், ஒரு மணி நேரம் போதும். அவன் உயிராக வைத்திருக்கும் பொம்மையை முதலிலேயே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

பள்ளியில் வாய் திறந்து பேசுகிறானா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். ஆறு மாதமாக அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை, தனக்குப் பிடித்ததை உங்களிடம் காட்ட வருவதில்லை என்றாலும் அப்படித்தான். மற்றபடி ஓரத்தில் நிற்பது ஒரு நோய்க்குறி என்று பயப்படாதீர்கள்.

நாளை பூங்காவில் அவன் பக்கத்தில் குந்தி, அவன் கண் போகிற திசையில் நீங்களும் பாருங்கள். பேச வேண்டாம். எந்தப் பிள்ளையைப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.