பயனீட்டாளர் கேள்வி-பதில்: போலீஸ்காரன் ஏன் பாதியில் நிற்கிறான்?

மாடல் ரயில் பெட்டிகளில் ஆடி ஓடும் பொம்மைகளைப் பற்றிக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் அவை மட்டும். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: ஐயா, ஓ கேஜ் (மாடல் ரயிலில் ஒரு பெரிய அளவு) திறந்த பெட்டி ஒன்று வாங்கினேன். நடுவில் அடுக்கிய சரக்கைச் சுற்றி போலீஸ்காரன் திருடனைத் துரத்துவான். ரயில் மெதுவாகப் போனால் இருவரும் நின்றுவிடுகிறார்கள். வேகமாகப் போனால் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறார்கள். மோட்டாரை மாற்ற வேண்டும், 90 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? – தோட்டத்து வயர்மேன், சுங்கை சிப்புட்

ப: மாற்றாதீர்கள். உங்கள் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்ட மோட்டார் வேகமாகச் சுற்றாது.

இது பழைய வித்தை. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957-இல் 3444 என்ற எண்ணில் இப்படி ஒரு பெட்டியை விற்றது. ஃபிலிம் சுருள் போன்ற மெல்லிய பட்டை வளையமாக ஓடும். பொம்மைகள் அதில் செருகி நிற்கும். இப்போது வருபவற்றில் சின்ன டிசி மோட்டார் இருக்கும். அது தண்டவாளத்திலிருந்தே கரண்ட் எடுப்பதால், இஞ்சினுக்கு வேகம் கூட்டினால் துரத்தலுக்கும் கூடும். குறைத்தால் இதுவும் படுத்துவிடும்.

முதலில் மேல் பகுதியைக் கழற்றி, மோட்டாரை விடுவித்து, பட்டையை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் இறுகினால், பட்டையின் ஒட்டு அங்கே தட்டுகிறது, அல்லது ஒரு பொம்மையின் அடிப்பாகம் பள்ளத்தின் ஓரத்தில் உரசுகிறது. அந்த ஓரத்தை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். சுற்று முழுவதும் இறுகினால் கப்பியில் தலைமுடி சுற்றியிருக்கிறதா பாருங்கள். தரையில் வைத்து ஓட்டும் ரயில்களில் இது சகஜம். அழகுக்காக உலோகப் பொம்மை மாற்றியிருந்தால் பழைய பிளாஸ்டிக் ஆளையே திரும்ப வையுங்கள். கனமான ஆள் நின்றால் பட்டை சாயும், சாய்ந்தால் உரசும்.

அடுத்து கரண்ட். பெட்டிக்கு அடியில் தண்டவாளத்தைத் தொடும் உருளைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கறுப்பாக வரும். பிறகு நீங்கள் வயர்மேன் என்பதால் சொல்கிறேன்: ஏசியை டிசியாக்க ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர், 35 வோல்ட் தாங்கும் ஒரு கெப்பாசிட்டர், வோல்ட்டைக் குறைத்து ஒரே அளவில் வைக்க எல்எம்2596 சிப் வைத்த ஒரு ஸ்டெப்-டவுன் போர்டு. ஓ கேஜ் தண்டவாளத்தில் 18 வோல்ட் ஏசி வரை வரும்; ரெக்டிஃபை செய்தால் உச்சம் 25 வோல்ட்டைத் தொடும். அதனால்தான் 35. போர்டின் திருகைத் திருப்பி 3 வோல்ட் அளவில் தொடங்கி, போலீஸ்காரன் ஆள் ஓடுகிற வேகத்தில் ஓடும்வரை கூட்டுங்கள். இனி ரயில் நகர்ந்தாலும் பறந்தாலும் அவன் ஒரே சீராக ஓடுவான். மொத்தச் சாமானும் 90 வெள்ளிக்குப் பக்கத்தில்கூட வராது.

அந்தக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தாரா? பார்க்காமலே விலை சொன்னார் என்றால், அடுத்த முறை வேறு கடைக்குப் போங்கள்.

கே: பொம்மை கிரீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? – பீடோர்

ப: வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதிய எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு.

கே: இணையத்தில் ஒட்டகச்சிவிங்கிப் பெட்டி வாங்கினேன். விற்றவர் காட்டிய வீடியோவில் கம்பத்தைக் கடக்கும்போது அது தலையைக் குனிந்து நிமிர்ந்தது. வீட்டில் ஓட்டினால் அசையவே இல்லை. கேட்டதற்கு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று போட்டிருக்கிறேனே" என்கிறார். பேரனுக்காக வாங்கியது. – ஓய்வுபெற்ற ஆசிரியை, கோலகங்சார்

ப: அம்மா, உங்கள் பெட்டி பழுதானதாகத் தெரியவில்லை. உங்களுக்குப் பாதிதான் விற்றிருக்கிறார்கள். அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு மோட்டார் கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டைக்கட்டை பொருத்த வேண்டும். பெட்டிக்கு அடியில் உள்ள நெம்புகோல் அதில் ஏறும்போது தலை இறங்கும், தாண்டியதும் எழும். வீடியோவில் அந்தக் கட்டை இருந்திருக்கும், உங்கள் பார்சலில் இல்லை. கட்டை வந்த பிறகும் தலை வெடுக்கென்று விழுந்தால், அதன் இரண்டு முனையையும் கொஞ்சம் சரிவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். மெதுவாக இறங்கி மெதுவாக எழும்.

இனி அந்தப் பலகை விஷயம். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று நம் கடைத்தெருவில் பாதிக் கடைகளில் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் நம் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அவர் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். இந்த உத்தரவாதத்தைப் பலகை மாட்டி யாரும் கழற்றிவிட முடியாது. வாங்கியபின் மனம் மாறினால் கடைக்காரர் பணம் தரத் தேவையில்லை, அது நியாயம். ஆனால் குனியும் என்று காட்டி விற்ற தலை குனியவில்லை என்றால் பலகைக்கு மதிப்பே இல்லை.

வீடியோவையும், பேசிய செய்திகளையும், பணம் கட்டிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விடுபட்ட பாகத்தை அனுப்பு, இல்லாவிட்டால் பணத்தைக் கொடு என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். விற்றவர் உள்ளூர் வியாபாரியாக இருந்தால் தயங்காதீர்கள். சின்னத் தொகைதானே என்று நாம் விடுவதை நம்பித்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து பழைய லயனல் செட் வரவழைத்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடாப்டர் பிளக் மாட்டிச் சொருகினேன். புகை வந்தது. விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? – தாப்பா

ப: கேட்க முடியாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. எத்தனை வோல்ட் என்று டிரான்ஸ்ஃபார்மரின் மேலேயே அடித்திருக்கும். படிக்காமல் சொருகியது நீங்கள். அடாப்டர் பிளக் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இஞ்சினையும் பெட்டிகளையும் தனியாகச் சோதித்துப் பாருங்கள், தப்பியிருக்கலாம். இனி 230 வோல்ட்டுக்கென்று செய்த, சிரிம் (மலேசியத் தரச் சான்று அமைப்பு) முத்திரை உள்ள பவர் சப்ளை வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகள் தொடும் பொருள் இது.

கே: எச்ஓ அளவுப் பெட்டியில் கையசைக்கும் ரயில் கார்டு பொம்மை வைக்க எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) வாங்கினேன். பெட்டிக்குள் நுழையவில்லை, வெளியே வைத்தால் கை நடுங்குகிறது. – கல்லூரி மாணவன், தைப்பிங்

ப: தம்பி, வாங்குமுன் அளந்தாயா? எச்ஓ என்றால் 1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. ஆறடி ஆள் அதில் 21 மில்லிமீட்டர்தான் வருவான். அந்த சர்வோவின் உடல் மட்டுமே 23 மில்லிமீட்டர். ஆளை விடப் பெரிய மோட்டாரை அவனுக்குப் பின்னால் எப்படி ஒளிப்பாய்? சர்வோவை நிலைய மேடைக்கு அடியில் வைத்து, மெல்லிய எஃகுக் கம்பியால் மேடைமீது நிற்கும் ஆளின் கையை இழு. நடுக்கம் போக, சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடு. கன்ட்ரோலர் போர்டிலிருந்து எடுக்காதே. கோணத்தை ஒரே தாவலாக மாற்றாமல் ஒவ்வொரு டிகிரியாக நகர்த்து. கையசைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் தாமதம் வை, மனிதன் கை அப்படித்தான் அசையும்.

ஓடும் பெட்டிக்குள்ளேதான் கார்டு வேண்டுமென்றால் கியர் வைத்த சின்ன மோட்டார் தேடு. நிமிடத்துக்கு 30 சுற்று என்று போட்ட ஒன்றை நான் வாங்கினேன்; வந்தது 300 சுற்று. ரசீதிலும் படத்திலும் 30, கியர்பெட்டி மட்டும் வேறு. பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அதனால், ஓடவிட்டுக் கடிகாரத்தோடு வீடியோ எடுத்து அனுப்பச் சொல், பிறகு பணம் கட்டு.

கே: முன்பணம் முழுவதையும் வங்கிக் கணக்கில் போட்டால் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒரு விற்பனையாளர், கடை முகவரி இல்லை. – சுங்கை சிப்புட்

ப: போடாதீர்கள்.