கோளாறு பேனலில் இல்லை, கன்ட்ரோலரில் இருக்கிறது

கேள்வி: 330 வாட் சோலார் பேனல் ஒன்றை மாடியில் நானே பொருத்தி, பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியுடன் இணைத்திருக்கிறேன். இரவில் ஒரு மின்விசிறி, நான்கு எல்.இ.டி. விளக்குகள், வை-ஃபை ரூட்டர் மட்டுமே ஓடுகின்றன. ஆனாலும் நள்ளிரவுக்குப் பின் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. இன்னொரு பேனல் வாங்கச் சொல்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இருக்கும் பேனலின் திறனில் பாதிக்கு மேல் உங்கள் பேட்டரிக்கு வந்து சேரவே இல்லை.

பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஏறத்தாழ 37 வோல்ட், 9 ஆம்பியர் என்று இருக்கும். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த 330 வாட். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை பேட்டரியுடன் நேரடியாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்ச்தான் என்பதால், இணைந்த கணமே பேனலின் மின்னழுத்தம் பேட்டரியின் அளவுக்கு, அதாவது 13 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மின்னோட்டமோ அதே 9 ஆம்பியர்தான். 13-ஐ 9-ஆல் பெருக்கினால் 117 வாட். இதே கன்ட்ரோலரில் இரண்டாவது பேனலையும் இணைத்தால் இன்னொரு 117 வாட் வரும். அதற்கு முழுப் பேனலின் விலையை நீங்கள் கொடுத்திருப்பீர்கள்.

இதனால் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரே மட்டம் என்று கருதிவிடக் கூடாது. 36 செல்கள் கொண்ட, 18 வோல்ட்டில் இயங்கும் பேனலை 12 வோல்ட் பேட்டரியுடன் இணைப்பவர்களுக்கு அது போதுமானது. வெயிலில் சூடேறிய பேனலின் மின்னழுத்தம் 16 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும், பேட்டரியும் நிறையும் தறுவாயில் 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் இழப்பு சொற்பமே. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் அமைப்பாக வைத்திருந்தால் உங்கள் பேனலும் அதனுடன் பொருந்தியிருக்கும். ஆனால் செல்களை எண்ணி இதை முடிவு செய்யாதீர்கள். இப்போதைய பேனல்களில் செல்களைப் பாதியாக வெட்டிப் பதிப்பதால் 72 செல்களுக்குரிய பேனலில் 144 துண்டுகள் தெரியும். தாளில் உள்ள வோல்ட் அளவு ஒன்றையே நம்புங்கள்.

இனி உங்கள் தேவை. 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 600 வாட்-அவர், தலா 9 வாட் விளக்குகள் நான்கு மணி நேரத்துக்கு 144, ரூட்டருக்கு 80. இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 970. இப்போது நல்ல வெயில் நாளில்கூட பேட்டரியில் 450 வாட்-அவர் அளவுக்கே சேர்கிறது. இதற்குப் பதிலாக எம்.பி.பி.டி. என்னும் வகைக் கன்ட்ரோலரை வைத்தால், அது உபரி மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றித் தருவதால், வெப்பத்தாலும் தூசியாலும் குறைவதைக் கழித்த பின்னும் அதே பேனலிலிருந்து 950 அளவுக்குச் சேரும். மின்விசிறியையும் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) வகையாக மாற்றினால் தேவை 550-க்குள் அடங்கும். மேகமூட்டமான நாளையும் சமாளிக்கலாம். புதிய பேனலை விற்க முனைபவர் மின்விசிறியைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

உங்களை நான் முக்கியமாக எச்சரிக்க விரும்புவது கன்ட்ரோலர் வாங்கும் இடத்தில்தான். எம்.பி.பி.டி. என்று பெட்டியில் அச்சிட்டு, உள்ளே பி.டபிள்யூ.எம். சுற்றையே வைத்து விற்கும் பொருள்கள் சந்தையில் மலிந்திருக்கின்றன. பேனலின் அளவீட்டை, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி, ஒளி சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற நிபந்தனைகளோடு வரையறுக்கத் தெரிந்த இத்துறைக்கு, பெட்டியின் மேலே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் நேரமில்லை போலும். ஆகவே நீங்களே பாருங்கள். உண்மையான எம்.பி.பி.டி. கன்ட்ரோலரில் செம்புக் கம்பிச் சுருள் இருப்பதால் அது கையில் கனக்கும். பேட்டரி இறங்கியிருக்கும் ஒரு நண்பகலில், நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பேனலிலிருந்து வரும் கம்பியையும் பேட்டரிக்குச் செல்லும் கம்பியையும் அளவிடுங்கள். பேட்டரிக்குச் செல்வது இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்கவே வேண்டாம். உங்களுக்கு 30 ஆம்பியர் போதும். உள்ளீடு 100 வோல்ட் வரை தாங்க வேண்டும்.

மாற்றும்போது பேனல் கம்பியை முதலில் கழற்றிவிட்டு அதன் பிறகே பேட்டரியைக் கழற்றுங்கள். பூட்டும்போது பேட்டரிதான் முதலில். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். வீட்டு விளக்குக்கான சாதாரண ஸ்விட்சைப் பேனல் கம்பியில் வைக்காதீர்கள். நேர்மின்னோட்டத்தில் எழும் தீப்பொறி எளிதில் அணையாது, ஸ்விட்சே எரிந்துவிடக்கூடும்.

கடைசியாக, அரைகுறையாகவே நிறைந்து வந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கக்கூடும். புதிய கன்ட்ரோலரைப் பூட்டிய பின் இரண்டு மூன்று வெயில் நாள்களுக்கு எதையும் இயக்காமல் பேட்டரியை நிறையவிட்டு, ஓர் இரவு முழுவதும் எல்லா இணைப்பையும் கழற்றி வைத்து, காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் வழக்கம்போல் பயன்படுத்தத் தொடங்குங்கள். 12.4-க்கும் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். அப்போதும் இரண்டாவது பேனல் தேவைப்படாது.