மாலையில் எங்கே போவது என்பதை மாலையில் தேடாதீர்கள்

வாசகர் கேள்வி: வேலைக்காகப் பெருநகரம் ஒன்றுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகப்போகிறது. இவ்வளவு பெரிய ஊரில் தினமும் எத்தனையோ நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆறு மணிக்கு வேலை முடிந்து, இன்று என்ன இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்க ஆரம்பித்தால், எட்டு மணிவரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கண்ணில் படுபவை டிக்கெட் தீர்ந்தவையாக இருக்கும். இல்லையென்றால் நகரின் மறுகோடியில் நடக்கும். தினமும் ஒன்றையாவது மகிழ்ச்சியாகச் செய்ய என்ன வழி? இங்கே நண்பர்கள் குறைவு. அதிகம் செலவழிக்கவும் இயலாது.

பதில்: நாளிதழ் ஒன்றில் நகர நிகழ்ச்சிப் பக்கத்தைப் பல ஆண்டுகள் தொகுத்தவன் நான். எந்தப் பெருநகரத்திலும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. இடம் போதாமல் நாங்கள் விட்டுவிட்டவையே ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்துக்கு இருக்கும். உங்கள் சிக்கல் வேறு. தேடும் நேரமும் அனுபவிக்க வேண்டிய நேரமும் ஒன்றாகிவிட்டன. நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்தவரிடம் இருபது வாய்ப்புகளை நீட்டினால், அவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். அதை உங்கள் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். முடிவெடுக்கும் வேலையை வேறு ஒரு நேரத்துக்கு மாற்றினால் போதும்.

வாரத்தில் ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் உட்காருங்கள். வரும் ஏழு நாட்களுக்கும் ஒரு தாளில் இடம் விடுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தை எழுத வேண்டாம்; நீங்கள் கிளம்ப வேண்டிய நேரத்தை எழுதுங்கள். ஏழு மணிக்கு ஓர் இசை நிகழ்ச்சி. அரங்கம் அலுவலகத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடப் பயணம், வாசலில் வரிசைக்குப் பத்து நிமிடம். ஆகவே தாளில் "6.15, நீல வழித்தட ரயில், இசை அரங்கம்" என்று இருக்க வேண்டும். 6.15 என்று பார்த்ததும் உடல் எழுந்துகொள்கிறது. 7.00 என்று இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது என்று தோன்றும், பிறகு நேரமாகிவிட்டது என்று தோன்றும்.

வேலை நாட்களுக்குத் தூர எல்லை ஒன்று வேண்டும். அலுவலகத்திலிருந்து அரை மணிக்குள், அல்லது வீடு திரும்பும் வழியில். அதற்கு அப்பால் எவ்வளவு நல்ல நிகழ்ச்சி இருந்தாலும் அது வார இறுதிக்கு உரியது. வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டு மறுபடியும் கிளம்பலாம் என்ற திட்டம் பெரும்பாலும் பலிப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எழுவது கடினம்.

எங்கே தேடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். டிக்கெட் விற்கும் செயலிகளுக்கு வருமானம் விற்பனைத் தொகையில் கிடைக்கும் பங்கு. கட்டணமில்லாத சொற்பொழிவையோ மாணவர் இசை நிகழ்ச்சியையோ முன்னே காட்டுவதில் அவற்றுக்கு எந்த லாபமும் இல்லை. அதனால் அங்கே உங்களுக்குத் தெரிவது நகரத்தின் விலையுயர்ந்த ஒரு துண்டு மட்டும். நிகழ்ச்சி பிறக்கும் இடத்துக்கே போங்கள். பல்கலைக்கழகங்களின் பொதுச் சொற்பொழிவு அட்டவணை, மத்திய நூலகத்தின் மாத அட்டவணை, அருங்காட்சியகங்களின் சொந்த இணையதளம், பூங்காத் துறையின் அறிவிப்புகள், இசைக் கல்லூரி, நாடகப் பள்ளி ஆகியவற்றின் நாட்காட்டிகள். பிறநாட்டுப் பண்பாட்டு மையங்களை மறக்கவே வேண்டாம். 1883இல் தொடங்கிய பிரான்ஸின் அலியான்ஸ் பிரான்சேஸும் 1951இல் தொடங்கிய ஜெர்மனியின் கோதே நிலையமும் உலகின் பல பெருநகரங்களில் இயங்குகின்றன. மொழி வகுப்போடு திரைப்படக் காட்சிகள், கண்காட்சிகள், உரையாடல்கள் நடத்துவதும் அவற்றின் வேலை. பலவற்றுக்குக் கட்டணம் இருப்பதில்லை. இப்படிப் பத்து, பன்னிரண்டு இடங்களின் மின்னஞ்சல் பட்டியலில் ஒருமுறை சேர்ந்துவிட்டால், ஞாயிறு காலையில் தேடல் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. வந்து குவிந்திருப்பதிலிருந்து பொறுக்குவதுதான் வேலை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இசைக் கல்லூரியின் அறிவிப்புப் பலகை. இணையத்தில் வராதது அங்கே இருக்கும். நான்கு குண்டூசிகளில் ஒரு தாள்: இறுதியாண்டு மாணவியின் செலோ தேர்வு, புதன் மாலை, அறை எண், கீழே பென்சிலில் "எல்லோரும் வரலாம்". போய்ப் பார்த்தால் கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் வகுப்புத் தோழர்கள், முன்வரிசையில் அவளுடைய பெற்றோர், ஓரத்தில் மதிப்பெண் தாளுடன் மூன்று ஆசிரியர்கள். வாசிப்பவருக்கு அது வாழ்வின் முக்கியமான மாலை. வில் கம்பியில் படுவதற்கு முன் அவள் மூச்சை இழுப்பதுகூட உங்களுக்குக் கேட்கும். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் பணம் கொடுத்து உட்கார்ந்தால் இந்த நெருக்கம் கிடைக்காது.

பெரிய அரங்குகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. காலியாகத் தொடங்கும் இருக்கையால் அரங்குக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே கடைசி நேரத்தில் விலை இறங்குகிறது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் அன்றைய நாடகங்களுக்கான டிக்கெட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் டி.கே.டி.எஸ் சாவடி 1973 முதல் இருக்கிறது. வியன்னா அரசு இசைநாடக அரங்கில் நின்று பார்க்க இடமுண்டு. 1895இல் தொடங்கிய லண்டன் பிராம்ஸ் (Proms) இசை விழாவிலும் நின்று கேட்பவர்களுக்கு அன்றன்றைக்கே டிக்கெட் விற்கிறார்கள். உங்கள் நகரத்து அரங்கிலும் இப்படி ஏதாவது ஏற்பாடு இருக்கக்கூடும். டிக்கெட் சாளரத்தில் நேரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அன்றைக்கே விற்கும் சலுகை உண்டா? திரும்பி வரும் டிக்கெட்டுகளை எத்தனை மணிக்கு விற்பீர்கள்? தனியாகப் போகிறவருக்கு இங்கே சாதகம் அதிகம். தீர்ந்துவிட்டது என்று அறிவித்த நிகழ்ச்சிக்கும் ஒற்றை இருக்கை ஒன்று தொடங்குவதற்குச் சற்று முன்பு கிடைத்துவிடுவது உண்டு. நண்பர்கள் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அரங்க வாசலில் அது குறையே அல்ல.

அருங்காட்சியகங்கள் மாலையில் மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரிஸின் லூவர் புதன், வெள்ளி ஆகிய நாட்களில் இரவு 9 மணிவரை திறந்திருக்கும். மாட்ரிட்டின் பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை கட்டணமே இல்லை. உங்கள் நகரத்தில் எந்த நாள் நீட்டிப்பு, எந்த நேரம் இலவசம் என்று ஒருமுறை விசாரித்து நிரந்தரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் முழுவதையும் பார்க்க முயல வேண்டாம். ஒரே அறை, மூன்று படங்கள், ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம். வேலைநாள் மாலைக்கு அதுவே நிறைவான அளவு.

திங்கட்கிழமையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வார இறுதியில் இயங்கும் அரங்குகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் அன்று விடுமுறை விடுகின்றன. நிகழ்ச்சிப் பக்கத்தில் எங்களைத் திணறடித்த நாள் அதுதான். அதற்கு என் விடை, நிகழ்ச்சியே தேவைப்படாத பொழுதுகள். நீங்கள் தினமும் என்று கேட்பதால் இவற்றுக்கு அழுத்தம் கொடுத்துச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது இவற்றில்தான் நிற்க வேண்டும்.

ஒன்று, கடைசி நிறுத்தம். நீங்கள் தினமும் ஏறும் பஸ் அல்லது ரயிலின் முகப்பில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். நீங்கள் அங்கே போயிருக்கவே மாட்டீர்கள். இறங்காமல் அதுவரை போய், அங்கிருந்து இரண்டு மூன்று நிறுத்தங்கள் நடந்து திரும்புங்கள். வெறுமனே நடந்தால் சலித்துவிடும். ஒரே ஒரு பொருளைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு நாள் கட்டடங்களின் நெற்றியில் பொறித்த ஆண்டுகள். பழையது எது என்று பார்த்துக்கொண்டே போனால், ஊர் எந்தப் பக்கமாக வளர்ந்தது என்பது தெருவிலேயே தெரியும். இன்னொரு நாள் சாக்கடை மூடிகள். வார்த்த ஆலையின் பெயர், ஆண்டு, சில ஊர்களில் நகரச் சின்னம்கூட அதில் இருக்கும். சுவரில் மங்கிப்போன, கையால் எழுதிய விளம்பரங்கள் மூன்றாவது. கண்ணுக்கு ஒரு வேலை இருந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

இன்னொன்று, வானம். நகர வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் தெரியாது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் சர்வதேச விண்வெளி நிலையம் நன்றாகவே தெரியும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்து தரை இருண்ட பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அந்த ஒளிதான் நமக்குத் தெரிகிறது. அதனால் அந்தியிலும் விடியலுக்கு முன்பும் மட்டுமே பார்க்க முடியும். விமானம்போல் மினுக்காமல், சீராக, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். உங்கள் ஊர் மேலே எப்போது வரும், எந்தத் திசையில் தோன்றும் என்பதை நாசாவே இலவசமாக அறிவிக்கிறது. ஞாயிறு தாளில் அந்த நேரத்தையும் எழுதிவிடுங்கள். அலுவலக மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் அன்றைய கணக்கு நிறைந்துவிட்டது.

பூங்காவில் பூச்சிகளையும் செடிகளையும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால், அவை என்னவென்று மற்றவர்கள் அடையாளம் சொல்வார்கள். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸும் சான் பிரான்சிஸ்கோவும் யார் அதிக உயிரினங்களைப் பதிவு செய்வது என்று போட்டியிட்டன. இன்று உலகின் பல நகரங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியை ஜி.பி.எஸ் உதவியுடன் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு 2000 மே மாதத்திலிருந்து நடக்கிறது. பெரும்பாலான பெருநகரங்களில் ஒன்றிரண்டு பெட்டிகளாவது இருக்கும்.

நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளும் புதிய இடத்துக்குப் போகிறவருக்கு ஊர் பழகும், ஆட்கள் பழக மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாளை ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு ஒதுக்குங்கள்: சதுரங்கக் குழு, சேர்ந்து பாடும் குழு, நூலக வாசகர் வட்டம், மண்பாண்ட வகுப்பு. உடற்பயிற்சி பிடிக்குமென்றால், 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேருடன் தொடங்கிய பார்க்ரன், இப்போது பல நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், கட்டணமில்லை, நடந்தும் போகலாம். இத்தகைய இடங்களில் முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் "போன வாரம் வரவில்லையே" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி வரும்வரை விட்டுவிடாமல் போக வேண்டும். நீங்களே முந்திக்கொண்டு இன்னொருவரிடம் கேட்டாலும் நல்லதுதான்.

தினமும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கடமையாக்கிவிட்டால் இரண்டே வாரத்தில் வெறுத்துவிடும். தாளில் ஒரு நாளை வெறுமையாகவே விடுங்கள்; அது தவறிப்போன நாள் அல்ல, நீங்கள் திட்டமிட்ட ஓய்வு. பிடிக்காத நிகழ்ச்சியிலிருந்து இடைவேளையில் எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பதால்தான் பரிச்சயமில்லாத ஒன்றைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. மழை, தலைவலி, நீண்டுபோன வேலை என்று திட்டம் கலையும் நாட்களுக்காக, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஓர் இடத்தை முன்பே மனத்தில் வைத்திருங்கள்.

இந்த ஞாயிறு தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொள்ள வேண்டாம். பத்து இடங்களின் மின்னஞ்சல் பட்டியலில் சேருங்கள். திங்களுக்குக் கடைசி நிறுத்தம், புதன் அல்லது வியாழனுக்குக் கட்டணமில்லாத ஒரு நிகழ்ச்சி, சனிக்கு ஒரு குழு. முதல் வாரத்துக்கு இந்த மூன்றும் போதும். மற்ற நாட்களை மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிய பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.